சுபேதாருக்கு மேல் ஒரு படி

(பாரிவாக்கத்தில் நிகழ்த்தப்பட்ட நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இந்தப் பாரிவாக்கத்தை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டுப் பார்ப்போம். தெற்கே பூந்தமல்லி. ஆங்கிலேயப் படை முகாமிட்டிருந்த ஊர். கன்டோன்மென்ட் என்ற பெயர் இன்றும் அங்கே ஒரு பகுதிக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வடக்கே ஆவடி. விமானப்படை நிலையமும், விஜயந்தா டாங்கிகளைச் செய்த கனரக வாகனத் தொழிற்சாலையும் அங்கே இருக்கின்றன. கொஞ்சம் தள்ளிப் போனால் பரங்கிமலை. 1963 முதல் ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் பயிற்சிக்கூடம் அங்கே நடக்கிறது. அதற்கும் தெற்கே தாம்பரம். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பள்ளி 1954 முதல் அந்த ஊரில் இருக்கிறது.

இதே வட்டத்துக்குள்தான் நம் சேரிகளும் இருக்கின்றன. தலைக்கு மேல் பறக்கும் பயிற்சி விமானத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். அந்த விமானத்தின் இருக்கைக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவே எத்தனை படிகள் இருக்கின்றன, அந்தப் படிகளை யார் கட்டினார்கள், எந்தக் காலத்தில் எந்தப் படியைப் பெயர்த்து எடுத்தார்கள் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

சிப்பாயாகச் சேர்ந்த ஒருவர் அதிகாரியாவதை வீரத்துக்குக் கிடைக்கும் பரிசாகவே பலரும் சொல்வார்கள். வரலாற்றைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது. போரில் சாவதற்கு நம்மவர்களைத் தடுத்தவர் எவரும் இல்லை. தடுக்கப்பட்டது உத்தரவிடும் இடம். யார் யாருக்கு உத்தரவிடலாம் என்ற கேள்விக்குச் சாதியும் நிறமும் சொன்ன பதிலே இந்த ஏணியின் வரலாறு.

கூரையாக இருந்த பதவி

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பறையர் சமூகத்தவர் ஆரம்ப காலத்திலிருந்தே இருந்தார்கள். 1780-இல் உருவான பயனியர் படை பின்னாளில் மதராஸ் சாப்பர்ஸ் ஆனது. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கோட்டைச் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டுவது, கண்ணிவெடி அகற்றுவது இந்தப் படையின் வேலை. மற்றவர்கள் நடந்து போவதற்கு முன்னால் வழியைத் திறந்துவிடுகிறவர்கள் இவர்கள். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தார்கள். கடல் கடந்து எகிப்துக்கும் சீனத்துக்கும் போனார்கள். கடல் கடந்தால் சாதி கெடும் என்ற கவலை சாதி மறுக்கப்பட்டவனுக்கு இல்லை. கம்பெனிக்கு அது வசதியாகவும் இருந்தது.

அந்தப் படையின் ஏணியைப் பாருங்கள். சிப்பாய், நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார், அதற்கு மேல் சுபேதார் மேஜர். அங்கே கூரை வந்துவிடும். ஜமேதார் முதல் சுபேதார் மேஜர் வரை உள்ளவர்களுக்கு வைஸ்ராய் கமிஷன். வெள்ளை அதிகாரிகளுக்கு அரசர் கமிஷன். இருபத்தைந்து ஆண்டு படையில் தேய்ந்த சுபேதார், நேற்று கப்பலிலிருந்து இறங்கிய இருபது வயது லெப்டினன்டுக்குக் கீழேதான். வயதோ அனுபவமோ பதக்கமோ அந்த வரிசையை மாற்றாது.

இரண்டாம் உலகப் போரிலும் இதே நிலை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர் சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் வீரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மினியானோ அருகே கண்ணிவெடி அகற்றும் குழுவை நடத்திப் போனார். குழுவில் ஒருவர் வெடியை மிதித்துவிட, மற்றவர்களைக் காப்பாற்றத் தன் உடலால் அதை மூடிப் படுத்து உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் விருது அவருக்கு இறந்த பின் வந்தது. அவர் எந்தச் சாதி என்ற ஆராய்ச்சி நமக்கு இங்கே தேவையில்லை. பதவியைக் கவனித்தால் போதும். ஒரு தமிழ்ச் சாப்பர் பெரும்பாலும் எட்டக்கூடிய உயரம் சுபேதார். தைரியத்தில் அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன காட்ட முடியும்?

கதவை மூடிய ஆண்டுகள்

சிப்பாய் வேலையும் நிலையாகக் கிடைத்துவிடவில்லை. 1880-களில் சென்னைப் படைக்கும் பிறகு இந்தியப் படைக்கும் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், சில இனத்தார் மட்டுமே போருக்குப் பிறந்தவர்கள் என்ற கொள்கையை முன்னால் நின்று நடத்தியவர். வடமேற்கின் சாதிகள் வீரச் சாதிகள். தெற்கத்தியார் மெலிந்தவர்கள் என்று முடிவு கட்டினார்கள். 1892-இல் மகார்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 1895-இல் மாகாணப் படைகள் என்ற அமைப்பே முடிந்தது. சென்னைக் காலாட்படை படிப்படியாகச் சுருங்கி 1920-களின் முடிவில் கலைந்தது. சாப்பர்ஸ் மட்டும் தப்பியது. மண்வெட்டி பிடிக்க ஆள் எப்போதும் வேண்டுமே.

மகார்கள் சும்மா இருக்கவில்லை. ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் 1894-இல் விண்ணப்பம் தயாரித்தார். சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910-இல் மீண்டும் விண்ணப்பித்தார். முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் 111-ஆவது மகார் படைப்பிரிவைத் திரட்டினார்கள். போர் முடிந்து 1921-இல் அதைக் கலைத்தார்கள். பஞ்சத்துக்குக் கூப்பிட்டு அறுவடைக்குத் துரத்துகிற பண்ணைக்காரரின் வழக்கம் இது.

இந்தக் கதவடைப்பில் நாம் இழந்தது சம்பளம் மட்டும் என்று நினைக்கக்கூடாது. பாபாசாகேப் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். பதினான்கு ஆண்டுகள் ராணுவப் பள்ளியின் தலைமையாசிரியர். பாபாசாகேப் 1891 ஏப்ரல் 14 அன்று பிறந்ததே மாவ் கன்டோன்மென்டில்தான். அவருடைய தாய்வழித் தாத்தாவும் படைக்காரர். கம்பெனிப் படையில் சிப்பாய்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் படிப்புக் கட்டாயமாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஊர்ப் பள்ளிக்கூடம் திண்ணைக்குக்கூட விடாத பிள்ளைகள் லைன் வீட்டுப் பள்ளியில் எழுத்துக் கற்றார்கள். ராம்ஜி வீட்டில் விளக்கு எரிந்தது அந்தப் படிப்பால். பிள்ளை பிறந்த மறு ஆண்டே அந்தச் சமூகத்துக்குப் படையின் வாசல் அடைக்கப்பட்டது. இன்னும் எத்தனை ராம்ஜிகள் தலைமையாசிரியராகாமல் போனார்கள் என்பதை யோசிக்க வேண்டும்.

1932-இன் இரண்டு படிக்கட்டுகள்

இந்தியர்களுக்கு அரசர் கமிஷன் 1917-க்குப் பிறகுதான் மெல்லத் திறந்தது. சாண்ட்ஹர்ஸ்டில் ஆண்டுக்குப் பத்து இடம் என்று ஆரம்பித்தார்கள். 1932 அக்டோபரில் டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி தொடங்கியது. முதல் அணியில் 40 பேர். இடங்களில் ஒரு பகுதி ஏற்கெனவே படையில் சிப்பாயாக இருப்பவர்களுக்கு.

அந்த முதல் அணியிலிருந்து மூவர் மூன்று நாடுகளின் படைத்தலைவர்கள் ஆனார்கள். இந்தியாவின் மானெக்ஷா, பாகிஸ்தானின் முகமது மூசா, பர்மாவின் ஸ்மித் டன். இவர்களில் மூசாவும் ஸ்மித் டன்னும் சிப்பாய்களாகச் சேர்ந்து மேலே வந்தவர்கள். சிப்பாய்க்குத் தலைமை தாங்கும் மூளை கிடையாது என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை. ஆனால் நம் கேள்வி வேறு. சிப்பாய்களுக்கு ஒதுக்கிய இடத்தில் யார் நிற்க முடியும்? சிப்பாயாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். 1932-இல் மகாருக்குப் படைப்பிரிவே இல்லை. சென்னைக் காலாட்படை இல்லை. மாடிக்கு ஏணி வைத்துவிட்டு வீட்டுக்குள் நுழையும் வாசலைச் செங்கல் வைத்து அடைத்த கதைதான்.

அதே 1932-இல் இந்திய விமானப்படையும் பிறந்தது. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோட்டில் முதல் படைப்பிரிவு அமைந்தபோது, இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற அதிகாரிகள் 6 பேர், ஹவாய் சிப்பாய்கள் 19 பேர். விமானத்தைப் பழுது பார்த்துத் தயார் செய்தவர்கள் ஹவாய் சிப்பாய்கள், ஓட்டியவர்கள் அதிகாரிகள்.

அப்படி ஹவாய் சிப்பாயாகச் சேர்ந்தவர்தான் ஹர்ஜிந்தர் சிங். லாகூரின் மெக்லகன் பொறியியல் கல்லூரியில் படித்தவர். பொறியாளருக்கு அதிகாரிப் பதவி தர அன்றைய அரசு தயாராக இல்லாததால் சிப்பாயாகவே உள்ளே போனார். ஸ்பேனர் பிடித்தார். 1942-இல் பர்மாவில் ஜப்பானியர் நெருங்கியபோது, வேவு பார்க்க மட்டுமே வைத்திருந்த லைசாண்டர் விமானங்களில் குண்டுகளைப் பொருத்தித் தாக்குதலுக்கு அனுப்பிய வேலையில் அவர் கை இருந்தது. அதே ஆண்டு அதிகாரி ஆனார். பிறகு விமானம் ஓட்டவும் கற்று விமானியின் சிறகுச் சின்னத்தை அணிந்தார். ஏர் வைஸ் மார்ஷல் வரை உயர்ந்து, கான்பூரில் ஆவ்ரோ விமானங்களை இந்தியாவிலேயே கட்டும் வேலையை நடத்தினார். அதன் முதல் விமானம் 1961 நவம்பர் 1 அன்று பறந்தது.

சிப்பாய், அதிகாரி, விமானி என்ற மூன்று படிகளையும் ஒரே வாழ்நாளில் ஏறிய இந்தியர் என்று அவரைத் தயங்காமல் சொல்லலாம். அவர் தலித் இல்லை. அவரை மறித்தது வெள்ளை நிறத்தின் அதிகாரம். ஆனாலும் அவர் கதையில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அவர் சிப்பாயாக நுழையும்போதே கையில் பொறியியல் படிப்பு இருந்தது. காலம் ஒரு சந்து திறந்தபோது நுழைந்துவிட அது போதுமானதாக இருந்தது. அந்தப் படிப்பு இல்லாமல் அதே திறமையோடு ஸ்பேனர் பிடித்தவர்கள், ஸ்பேனரோடே ஓய்வு பெற்றிருப்பார்கள்.

எல்லாப் பிரிவிலும் எல்லாப் பதவியிலும்

நம் தலைவர்கள் இதை எப்போதோ புரிந்துவைத்திருந்தார்கள். 1930-இன் முதல் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும், செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் போனார்கள். இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்த பாதுகாப்புத் திட்டத்தில் அரசுப் பணிகளில் போதிய இடம் என்பதும் ஒரு கோரிக்கை. பாதுகாப்புக்கான துணைக்குழுவில் அம்பேத்கர் வலியுறுத்தியது இன்னும் கூர்மையானது. படையின் எல்லாப் பிரிவுகளுக்கும் எல்லாப் பதவிகளுக்கும் ஒடுக்கப்பட்டோர் உட்பட எல்லா வகுப்பாரிடமிருந்தும் ஆள் எடுக்க வேண்டும் என்றார். எல்லாப் பதவிகளுக்கும் என்ற சொல்லைக் கவனியுங்கள். மண்வெட்டியும் துப்பாக்கியும் கொடுத்தால் போதும் என்று அவர் கேட்கவில்லை.

1941-இல் போர் நெருக்கடியில் மகார் ரெஜிமென்ட் உருவானது. 1943-இல் சமார் ரெஜிமென்ட், கோஹிமாவில் போரிட்டது, 1946-இல் கலைக்கப்பட்டது. மகார் ரெஜிமென்ட் நிலைத்தது. நிலைத்ததற்கும் கலைந்ததற்கும் நடுவே உள்ள வேறுபாட்டை வீரத்தில் தேடினால் கிடைக்காது. அதிகாரம் பேசும் அறையில் நமக்காகப் பேச ஆள் இருந்தாரா என்று தேட வேண்டும்.

தோளில் நட்சத்திரம் ஏறிய பிறகு

அதிகாரியாகிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? பாபாசாகேப் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. அமெரிக்காவில் படித்துத் திரும்பி 1917-இல் பரோடா மகாராஜாவின் ராணுவச் செயலாளராகப் பொறுப்பேற்றார். சுபேதாரின் மகன், தந்தை நெருங்க முடியாத நாற்காலியில். ஆனால் பியூன்கள் கோப்புகளைத் தூரத்திலிருந்து அவர் மேசைமேல் எறிந்தார்கள். தங்க வீடு கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்தும் துரத்தப்பட்டார். உயர்ந்த பதவியும் சாதிக்கு முன்னால் கால் ஊன்ற முடியாமல் போனது.

இதே அனுபவம் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் உண்டு. பெஞ்சமின் டேவிஸ் 1899-இல் குதிரைப்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். கறுப்பின அதிகாரியான சார்லஸ் யங் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். தேர்வெழுதி 1901-இல் லெப்டினன்ட் ஆனார். அதன் பிறகு பல்லாண்டுகள் அவரைக் கல்லூரிகளில் வாத்தியாராகவும் லைபீரியாவில் தூதரகப் பணியிலும் வைத்திருந்தார்கள். வெள்ளையருக்கு அவர் உத்தரவிடும் நிலை வந்துவிடக்கூடாது என்பதுதான் காரணம்.

அவர் மகன், அதே பெயர் கொண்ட பெஞ்சமின் டேவிஸ், 1932-இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் உடன் படித்தவர்கள் அவரிடம் பேசவில்லை. தனி அறை, தனிச் சாப்பாடு. ஊர்விலக்கு என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விமானியாக விண்ணப்பித்தார், கறுப்பருக்கு விமானப் பிரிவே இல்லை என்று நிராகரித்தார்கள். 1925-இல் ராணுவக் கல்லூரி ஒன்று தயாரித்த அறிக்கை கறுப்பருக்குத் தலைமைக்கான மூளை கிடையாது என்று எழுதிவைத்திருந்தது. 1936-இல் அவர் பட்டம் பெற்றபோது அந்நாட்டுப் படையின் கறுப்பினப் போர் அதிகாரிகள் இரண்டே பேர்: தந்தையும் மகனும்.

கறுப்பின அமைப்புகளும் பத்திரிகைகளும் ஓயாமல் அழுத்தம் கொடுத்த பிறகு டஸ்கீகியில் பயிற்சி தொடங்கியது. 1942 மார்ச்சில் முதல் அணியின் ஐந்து பேரில் ஒருவராக மகன் டேவிஸ் விமானி ஆனார். தந்தை சிப்பாயாகச் சேர்ந்த நாளிலிருந்து மகன் சிறகு பெற 43 ஆண்டுகள் ஆயின. அந்தப் படையில் நிறப்பிரிவினையை ஒழிக்கும் ஆணை 1948-இல் வந்தது. ஒரு தலைமுறை ஏறி நின்ற படியிலிருந்தே அடுத்த தலைமுறை ஏறியது. இடையில் ஒரு மக்கள் இயக்கம் ஏணியைப் பிடித்துக்கொண்டது.

இன்றைய படிகள்

இன்றைய நிலைமைக்கு வருவோம். சட்டப்படி எந்தச் சாதியினருக்கும் அதிகாரி வாசல் திறந்திருக்கிறது. ஆயுதப் படைகளில் சாதிவாரி இடஒதுக்கீடு மட்டும் இல்லை. ஒதுக்கீடு இல்லாத இடத்தில் கணக்குக் கேட்பதும் கடினமாகிவிடுகிறது.

சிப்பாயிலிருந்து அதிகாரியாக ஒரு நேர்வழி உண்டு. 1929-இல் நௌகாங்கில் தொடங்கிய கிச்சனர் கல்லூரியின் வழித்தோன்றல் அது. 1960-இல் ராணுவ கேடட் கல்லூரி ஆனது. 1964-இல் புணேவுக்கும் 1977-இல் டேராடூனுக்கும் மாறியது. இரண்டு ஆண்டு சேவை முடித்த, 20 முதல் 27 வயதுக்குள் இருக்கும், பன்னிரண்டாம் வகுப்பு தேறிய சிப்பாய் இதற்கு எழுதலாம். தேர்வானால் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு, பிறகு அகாடமியில் ஓராண்டு, தோளில் நட்சத்திரம். அதன் பின் ராணுவத்தின் வான்படைப் பிரிவுக்கு விருப்பம் தெரிவிக்கலாம். 1986-இல் தனிப் பிரிவான அதில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்கள் அதிகாரிகளே. ஆக, சிப்பாயாகச் சேர்ந்த பிள்ளை விமானி இருக்கையில் உட்காரும் பாதை இன்று காகிதத்தில் இருக்கிறது. படைக்குப் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லி அனுப்புகிறோம்?

2022-இல் வந்த அக்னிபத் திட்டம் இந்தப் பாதையைக் குறுக்குகிறது. நான்கு ஆண்டுச் சேவை. அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே தொடர முடியும். ஏணியில் ஏறுவதற்குக் காலம் வேண்டும். பயிற்சிக் காலம் போக, மிச்ச காலத்தில் தேர்வுக்குத் தயாராக வேண்டிய கட்டாயம் இன்றைய சிப்பாய்க்கு. சேர்ந்த பின் யோசிக்கலாம் என்பது இனி நடக்காது.

நேரடியாக விமானப்படையின் விமானியாக விரும்பும் மாணவர்களும் மாணவிகளும் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் எடுக்கிறோம் என்பதிலேயே அந்த வாசல் திறக்கிறது அல்லது மூடுகிறது. விமானி ஆவதற்கான திறன் தேர்வை வாழ்நாளில் ஒரே முறைதான் எழுத முடியும். அதற்கு முன் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு. குழுவில் பேசுவது, படத்தைப் பார்த்துக் கதை எழுதுவது, தன்னைப் பற்றிச் சொல்வது எல்லாம் அதில் உண்டு. அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் கற்றுக்கொள்வதை நம் பிள்ளைகள் அந்த ஐந்து நாளில் முதன்முறையாகப் பார்க்கிறார்கள். தோற்று வருகிற பிள்ளை தன்னிடம் குறை இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. குறை பழக்கத்தில் மட்டுமே. பழக்கத்தை உருவாக்க முடியும். பெண்களுக்குப் பரங்கிமலையின் வாசல் 1992-இலும், போர் விமானி இருக்கை 2016-இலும் திறந்தன. திறந்த உடனே நுழைந்தவர்கள் தயாராக இருந்தவர்கள்.

தோழர்களில் சிலர் கேட்கலாம்: ஆயுதம் தாங்கிய அரசுக்கு அதிகாரிகளை அனுப்புவதுதான் விடுதலை அரசியலா? நியாயமான கேள்வி. படையைப் புகழ்வதற்காக இவ்வளவும் பேசவில்லை. காலனியப் படையில் நம் முன்னோர் யாருக்காக யாரைச் சுட்டார்கள் என்ற கேள்வியையும் நாம் தள்ளிவிடக்கூடாது. ஆனால் சிப்பாய் வரிசையில் நம் பிள்ளைகள் எப்படியும் நிற்கிறார்கள். வயிறு அவர்களை அங்கே நிறுத்துகிறது. எல்லையில் சாகும் வரிசையில் இடம் உண்டு, முடிவெடுக்கும் வரிசையில் இடம் இல்லை என்றால், அதைச் சாதி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? இரட்டைமலை சீனிவாசனும் பாபாசாகேபும் லண்டனில் கேட்டது அந்த இரண்டாவது வரிசையை.

இந்த நினைவுநாளில் நாம் செய்யக்கூடிய வேலைகள் இரண்டு. நம் வீட்டுப் பெட்டிகளில் தாத்தாக்களின் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம், துருப்பிடித்த பதக்கம் கிடந்தால் எடுத்துப் படியெடுத்து வையுங்கள். பெயர், படைப்பிரிவு, கடைசிப் பதவி மூன்றையும் எழுதுங்கள். எந்தப் படியில் நம்மை நிறுத்தினார்கள் என்பதற்கு அந்தக் காகிதங்களே சாட்சி. அடுத்து, நம் பகுதியின் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பில் கணித, அறிவியல் பிரிவு இருக்கிறதா, அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று போய்க் கேளுங்கள். இல்லையென்றால் கோரிக்கை மனுவோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சேர்ந்து போவோம். வலங்கரும் காம்ப்ளேயும் விண்ணப்பம் எழுதியதுபோல நாமும் எழுதுவோம். அவர்கள் காலத்தைப்போல நாற்பது ஆண்டுகள் காத்திருக்க மாட்டோம் என்பதை மட்டும் அதில் சேர்த்து எழுதுவோம்.

ஜெய் பீம்.